176-இல் நாமும் உண்டு



போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176 என்று மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் அந்த 176 எங்கிருந்து வந்தது என்று எந்த கைடிலும் இல்லை. சொல்வீர்களா?" கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். பஞ்சாயத்துத் தலைவருக்கு ஓட்டுப் போடுகிறோம், எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிறோம், எம்.பி.க்குப் போடுகிறோம், நாட்டின் முதல் குடிமகனுக்கு மட்டும் ஏன் நம்மைப் போட விடுவதில்லை?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பழைய கேள்வி. அரசியல் சட்டத்தை எழுதிய சபையிலேயே 1948 டிசம்பரில் அது எழுந்தது. பொருளாதார அறிஞரான கே.டி.ஷா, வயது வந்த எல்லாக் குடிமக்களும் நேரடியாக வாக்களித்தே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். நேருவும் அம்பேத்கரும் ஒப்பவில்லை. உண்மையான அதிகாரம் மக்கள் சபைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவையிடம் இருக்கப்போகிறது. கோடிக்கணக்கான மக்கள் நேரடியாக வாக்களித்து ஒருவரை உட்கார வைத்துவிட்டு, 'உங்களுக்கு அதிகாரம் இல்லை, பிரதமர் சொல்கிறபடி கையெழுத்துப் போடுங்கள்' என்றால் அது எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். அத்தனை பெரிய வாக்காளர் கூட்டத்துக்குத் தேர்தல் நடத்தும் சிரமத்தையும் அம்பேத்கர் எடுத்துச் சொன்னார். ஷாவின் திருத்தம் தோற்றது. வேடிக்கை என்னவென்றால், 1952இல் நடந்த முதல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்றவர் இதே கே.டி.ஷா. பிரசாத்துக்கு 5,07,400, ஷாவுக்கு 92,827. மக்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று வாதாடியவர், மக்கள் ஓட்டுப் போடாத தேர்தலில் நின்று தோற்றார்.

நேரு சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் ராஷ்டிரபதி பவனில் இருந்தால், பிரதமரோடு முதல் உரசலிலேயே 'எனக்கும் மக்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்' என்று சொல்லாமல் இருக்க மாட்டார். ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் தாங்காது.

சரி, யார்தான் ஓட்டுப் போடுகிறார்கள்? நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். மாநில சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லில்தான் சூட்சுமம். நியமன எம்.பி.யான இளையராஜாவுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால் துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் உண்டு; அதில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோரும் வாக்களிக்கலாம். மாநில மேலவை உறுப்பினர்களுக்கும் இங்கே இடமில்லை. 2022இல் பிகார் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார் மேலவை உறுப்பினர் என்பதால், அவருடைய கட்சி எம்.எல்.ஏ.க்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டபோது அவருக்கு ஓட்டு இல்லை. புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க: டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு இந்த உரிமை ஆரம்பத்தில் கிடையாது. 1992இல் வந்த 70ஆவது திருத்தம்தான் அவர்களை உள்ளே சேர்த்தது. ஆனால் புதுச்சேரியில் மத்திய அரசு நியமிக்கும் மூன்று உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை.

இப்போது 176க்கு வருவோம். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. 'எந்தக் காலத்துக் கணக்கு இது?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதை 234 தொகுதிகளால் வகுத்தால் ஓர் எம்.எல்.ஏ.வுக்கு 1,76,064 பேர். அதை ஆயிரத்தால் வகுத்தால் 176. மிச்சம் ஐந்நூறோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். நமக்கு மிச்சம் 64தான், ஆகவே 176. அவ்வளவுதான் கணக்கு. ஆயிரம் பேருக்கு ஒரு வாக்கு. உங்கள் எம்.எல்.ஏ. வாக்குச்சீட்டைப் பெட்டியில் போடும்போது ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் பேரின் பெயரில் போடுகிறார்.

அதனால் இந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டு ரூபாய் நோட்டு மாதிரி. பார்க்க எல்லாம் ஒரே அளவுக் காகிதம்தான். மதிப்பு வேறு வேறு. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் சீட்டுக்கு 208. கேரளத்துக்கு 152, கர்நாடகத்துக்கு 131, ஆந்திரத்துக்கு 159, புதுச்சேரிக்கு 16, சிக்கிமுக்கு 7. சிக்கிமின் 32 எம்.எல்.ஏ.க்களும் ஒன்றாகச் சேர்ந்தாலே 224தான்; லக்னோவில் ஒரே ஒருவர் கையில் 208 இருக்கிறது. ஜார்க்கண்ட் எம்.எல்.ஏ.வுக்கும் நம்மைப் போலவே 176. அவர்களுக்கு மக்கள் குறைவு, தொகுதிகளும் வெறும் 81; வகுத்துப் பார்த்தால் அதே எண்ணில் வந்து நிற்கிறது.

எம்.பி.க்களுக்கு வேறு கணக்கு. எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். 2022இல் எம்.எல்.ஏ.க்களின் மொத்தம் 5,43,231. மக்களவையின் 543, மாநிலங்களவையின் 233, ஆக 776 எம்.பி.க்கள். வகுத்தால் 700. எந்த மாநிலத்து எம்.பி.யானாலும் அதே 700தான். இங்கே பெரிய மாநிலம், சின்ன மாநிலம் என்ற பேதம் இல்லை. இப்போது எம்.பி.க்களின் மொத்தத்தைப் பாருங்கள்: 776 பெருக்கல் 700, அதாவது 5,43,200. ஒரு பக்கம் மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து 5,43,231. மறு பக்கம் நாடாளுமன்றம் 5,43,200. தராசின் இரண்டு தட்டும் ஏறக்குறைய சமம். இது தற்செயல் இல்லை. மாநிலங்களுக்கிடையே ஒரே அளவுகோல், மாநிலங்களுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சமநிலை என்று அரசியல் சட்டத்தின் 55ஆவது பிரிவு விரும்பிச் செய்த ஏற்பாடு. நம் அரசியல் சட்டத்தில் கூட்டாட்சி மீது இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டு அக்கறை காட்டிய இடங்கள் அதிகமில்லை.

2017இல் எம்.பி.யின் மதிப்பு 708 ஆக இருந்தது. 2022இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றம் இல்லை; அங்கிருந்து வர வேண்டிய 6,264 வாக்கு மதிப்பு கழிந்துபோனதால் தமிழ்நாட்டு எம்.பி.க்கும் சிக்கிம் எம்.பி.க்கும் எட்டு எட்டுக் குறைந்துவிட்டது. ஒரு சட்டமன்றம் இல்லாமல் போனால் அதன் விளைவு நாடு முழுக்கத் தெரியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். 1974இல் குஜராத் சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்தபோது, அதை வைத்துத் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வேண்டாம், இருக்கிறவர்களை வைத்து நடத்தலாம் என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

1971க்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதுதான் நம் வயிற்றைத் தொடும் விஷயம். 1976இல் வந்த 42ஆவது திருத்தம், இந்தக் கணக்குக்கான மக்கள்தொகையை 1971ஆம் ஆண்டோடு உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே செல்வாக்கை இழந்துவிடக் கூடாது என்பது காரணம். 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்தக் கெடுவை நீட்டியது: 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை இதே 1971தான்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? பிகாரோடு வைத்துப் பாருங்கள். இன்றைய பிகாரின் எல்லைக்குள் 1971இல் இருந்தவர்கள் ஏறக்குறைய 4.21 கோடி, தமிழ்நாட்டில் 4.12 கோடி. கிட்டத்தட்ட சமம். அதனால் அங்கே எம்.எல்.ஏ.வுக்கு 173, இங்கே 176. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி, பிகார் 10.41 கோடி. இந்தப் புதிய தொகையை இதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 308, பிகார் எம்.எல்.ஏ.வுக்கு 428, உத்தரப் பிரதேசத்துக்கு 496. எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பில் இன்று தமிழ்நாட்டின் பங்கு ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேல். 2011 கணக்கில் அது ஏறக்குறைய ஆறு சதவீதமாகச் சுருங்கும். தொகுதி மறுவரையறை பற்றி நம் ஊரில் டீக்கடை முதல் சட்டமன்றம் வரை பேசுகிறோம். மக்களவையில் எத்தனை இடம் போகும் என்றுதான் எண்ணுகிறோம். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அதே கதி என்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்யவும் முடியாது. எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் ஒரு மாநிலத்தின் மொத்த மதிப்பு அதன் மக்கள்தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

2022 கணக்கில் நம் பலம் என்ன என்று கேட்டால்: 234 எம்.எல்.ஏ.க்கள் பெருக்கல் 176, ஆக 41,184. மக்களவை 39, மாநிலங்களவை 18, ஆக 57 எம்.பி.க்கள் பெருக்கல் 700, அது 39,900. மொத்தம் 81,084. உத்தரப் பிரதேசத்தின் எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே 83,824.

வாக்குகளை எண்ணும் முறையும் நாம் பழகியது அல்ல. சட்டமன்றத் தேர்தலில் முப்பது சதவீதம் வாங்கியவரும் ஜெயித்துவிடலாம், மற்றவர்கள் அதைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் போதும். இங்கே அது நடக்காது. செல்லுபடியான வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். அதனால் வாக்களிப்பவர் ஒருவருக்கு நேரே முத்திரை குத்துவதில்லை. எனக்கு முதலில் இவர், அவர் இல்லையென்றால் இவர் என்று 1, 2, 3 போட்டுக்கொண்டு போகிறார். முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு விழுந்த சீட்டுகளை அவற்றில் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுகிறார்கள். யாராவது ஒருவர் கோட்டைத் தாண்டும் வரை இப்படியே.

இத்தனை தேர்தல்களில் இந்த இரண்டாம் விருப்பம் தேவைப்பட்டது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். என் மேஜையில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டும் ஆசை இன்னும் போகவில்லை.

1969 மே 3. பதவியில் இருக்கும்போதே ஜாகிர் உசேன் காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். பெங்களூரில் ஜூலையில் கூடிய காங்கிரஸ், இந்திரா காந்தியின் விருப்பத்தை மீறி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. பின்னணியில் இருந்தவர்கள் 'சிண்டிகேட்' என்று பத்திரிகைகள் அழைத்த மூத்த தலைவர்கள்: கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, எஸ்.கே.பாட்டீல், நம் காமராஜர். ஜூலை 19ஆம் தேதி வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட கிரி, மறுநாள் பதவி விலகிச் சுயேச்சையாகக் களமிறங்கினார். குடியரசுத் தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை. தலைமை நீதிபதி இதாயத்துல்லா ஒரு மாதம் நாட்டின் தலைவராக இருந்தார்.

ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்திட்ட இந்திராவே பிறகு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொன்னார். மூன்றாவதாக சி.டி.தேஷ்முக் நின்றார், ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் நிதி அமைச்சராகவும் இருந்தவர், ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியும் ஜனசங்கமும் நிறுத்திய வேட்பாளர். போட்டி நெருக்கமாக இருக்கும் என்று தெரிந்துகொண்ட நிஜலிங்கப்பா, அந்த இரண்டு கட்சிகளின் தலைவர்களையும் சந்தித்து இரண்டாம் விருப்பத்தை ரெட்டிக்குத் தரும்படி கேட்டார். கணக்குப்படி அது சரியான நகர்வு. அரசியலில் அதுவே அவருக்கு வினையாயிற்று. வலதுசாரிகளோடு பேரம் பேசுகிறார் என்று இந்திரா பக்கம் அதையே பிடித்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகளும் தி.மு.க.வும் கிரிக்கு நின்றன.

ஆகஸ்ட் 20 அன்று எண்ணினார்கள். செல்லுபடியான மதிப்பு 8,36,337. ஜெயிக்க 4,18,169 வேண்டும். கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. பதினைந்து பேர் நின்ற களத்தில் மீதிப்பேர் எல்லாம் சேர்ந்து சொற்பம். கிரிக்கு இன்னும் 16,654 தேவை. ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் தேஷ்முக்கின் சீட்டுகளையும் பிரித்தார்கள். நிஜலிங்கப்பா கேட்டது வீண் போகவில்லை: மாறி வந்தவற்றில் ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562 மட்டுமே. ஏறக்குறைய ஐந்து மடங்கு வாங்கியும் ரெட்டி 4,05,427இல் நின்றுவிட்டார். கிரி 4,20,077. கோட்டைத் தாண்டியது வெறும் 1,908 மதிப்பில். அதே ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தேர்தல் செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் கிரி உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். ரெட்டிக்கும் காலம் பதில் சொன்னது: 1977இல் 37 பேர் மனுச் செய்து 36 மனுக்கள் தள்ளுபடியாக, போட்டியே இல்லாமல் அதே பதவிக்கு வந்தார்.

37 மனு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆரம்பத்தில் இந்தத் தேர்தலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற நிலை இருந்தது. 1967இல் ஜாகிர் உசேனும், அப்போதுதான் தலைமை நீதிபதி பதவியை விட்டு வந்திருந்த சுப்பா ராவும் மோதியபோது களத்தில் மொத்தம் 17 பேர். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. சவுத்ரி ஹரி ராம் என்பவர் 1952 தொடங்கி மீண்டும் மீண்டும் நின்றார்; 1962இல் ராதாகிருஷ்ணன் 5,53,067 வாங்கியபோது இவர் 6,341 வாங்கி இரண்டாமிடம். 1974இல் சட்டம் இறுகியது: பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், 2,500 ரூபாய் டெபாசிட். 1997இல் அது ஐம்பது, ஐம்பது, 15,000 என்று ஆனது. விளையாட்டு வேட்பாளர்களைத் தடுக்கவே என்று சொன்னார்கள், தடுத்தும் விட்டார்கள். ஆனால் பெரிய கட்சி ஒன்றின் ஆசி இல்லாமல் இன்று யாரும் களத்தில் கால்வைக்க முடியாது என்பதும் உண்மை. ஹரி ராம்களால் குடியரசுக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. எனக்கு அவர்களைக் கொஞ்சம் பிடிக்கும்.

தோற்றவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. தேர்தல் ஆணையத்துக்கு அச்சத்தையும் மரியாதையையும் தேடித்தந்த டி.என்.சேஷன் 1997இல் கே.ஆர்.நாராயணனை எதிர்த்து நின்று 50,631 வாங்கினார், நாராயணனுக்கு 9,56,290. ஆறில் ஒரு பங்கு வாங்காதவருக்கு டெபாசிட் திரும்பக் கிடையாது என்ற விதி சேஷனுக்கும் பொருந்தியது. 1987இல் ஆர்.வெங்கட்ராமனுக்கு எதிரே நின்றவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 2002ஐ மறக்க முடியுமா? ராமேசுவரத்து அப்துல் கலாம் ஒரு பக்கம். மறு பக்கம் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, நேதாஜியின் படையில் கேப்டனான லட்சுமி சேகல். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதன், அரசியல் சட்டத்தை எழுதிய சபையின் உறுப்பினர். 1952இல் திண்டுக்கல் எம்.பி. தாய் இருந்து எழுதிய விதியின்படி மகள் போட்டியிட்டார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே, எண்பத்தேழு வயதில்.

வாக்குப்பதிவு நாளின் சடங்குகளும் சுவாரசியமானவை. மின்னணு எந்திரம் இல்லை. விருப்ப எண் எழுத வேண்டியிருப்பதால் காகிதச் சீட்டுதான். எம்.பி.க்குப் பச்சை, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு. சொந்தப் பேனாவை வெளியே வைத்துவிட்டு ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் மட்டும் எழுத வேண்டும். 2016இல் ஹரியாணா மாநிலங்களவைத் தேர்தலில் பேனா மையால் வந்த தகராறுக்குப் பிறகு பிறந்த விதி அது. எண்ணால் எழுத வேண்டும், எழுத்தால் எழுதக் கூடாது; எண் எந்த இந்திய மொழியின் வடிவத்திலும் இருக்கலாம். ஆக, நம் எம்.எல்.ஏ. ஒருவர் தமிழ் எண்ணில் '௧' என்று போட்டாலும் செல்லும். போட்டவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க ஆசை. மாநிலத் தலைநகரங்களுக்குப் போய்வரும் வாக்குப்பெட்டி, அதிகாரிக்குப் பக்கத்து இருக்கையில், 2022இல் 'மிஸ்டர் பேலட் பாக்ஸ்' என்ற பெயரில் தனி விமானச் சீட்டோடு பயணம் செய்தது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் செல்லாத வாக்குகள் விழுகின்றன. 2017இல் 77, 2022இல் 53. அந்த 53இல் 15 எம்.பி.க்களுடையவை. 2012இல் முலாயம் சிங் யாதவ் தவறான பெயருக்கு எதிரே குறித்துவிட்டு, சீட்டைக் கிழித்து இன்னொன்று வாங்கிப் போட்டார். அது செல்லாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. நமக்குச் சட்டம் செய்து தருகிறவர்களுக்கு ஒன்று என்ற எண்ணைச் சரியான இடத்தில் எழுதத் தெரியவில்லை என்பதை நான் சிரித்துக்கொண்டே கடந்துபோக மாட்டேன். ஓர் எம்.பி.யின் சீட்டு வீணானால் 700 மதிப்பு போகிறது; அது ஏழு லட்சம் பேர்.

இந்தத் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது. கட்சித் தாவல் சட்டம் பாயாது. சீட்டை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, காட்டவும் கூடாது. மாநிலங்களவைத் தேர்தலில்கூட இன்று கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். ஓர் எம்.எல்.ஏ. தன் தலைமையின் கண்ணுக்கு மறைவாகச் செய்யும் அரிதான காரியங்களில் இது ஒன்று. 2022இல் கேரளத்தில் ஒரு விசித்திரம். அங்கே 140 எம்.எல்.ஏ.க்களில் பா.ஜ.க. அணிக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் எண்ணும்போது எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் யஷ்வந்த் சின்ஹாவுக்கு 139, பா.ஜ.க. அணியின் வேட்பாளர் திரௌபதி முர்முவுக்கு ஒன்று. அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அகில இந்திய அளவில் முர்முவுக்கு 6,76,803, சின்ஹாவுக்கு 3,80,177. கேரளத்தின் அந்த 152 முடிவை மாற்றவில்லை. ஆனாலும் ஒருவர் தனியாக யோசித்திருக்கிறார். அல்லது தவறுதலாகக் குறித்திருக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியில்லை.

'ரப்பர் ஸ்டாம்ப் பதவிக்கு இத்தனை கணக்கா?' என்று கேட்பவர்கள் உண்டு. 1986இல் நிறைவேறிய அஞ்சலகத் திருத்த மசோதாவில் கையெழுத்துப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டார் ஜைல் சிங். நம் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் விரிவான அதிகாரம் அப்போது அரசுக்குக் கிடைக்காமல் போனது. உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை 1997இல் திருப்பி அனுப்பினார் நாராயணன், அரசு பின்வாங்கியது. ஆதாயப் பதவி மசோதாவை 2006இல் திருப்பி அனுப்பினார் கலாம். யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது ஆட்சி அமைக்க முதலில் யாரை அழைப்பது என்பதும் குடியரசுத் தலைவரின் முடிவு. நமக்கு நேராகவே தெரிந்த உதாரணங்கள் இரண்டு. ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தம் 2017 ஜனவரி 23இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, அந்த மாதக் கடைசிக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நீட் விலக்கு மசோதாவும் அதே மேஜைக்குத்தான் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டிலும் முடிவு செய்வது ஒன்றிய அமைச்சரவைதான் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பேனா யாருடையது, அதைப் பிடித்திருப்பவர் எப்போது தயங்குவார், எப்போது கேள்வி கேட்பார் என்பது ஆளைப் பொறுத்தது. அந்த ஆளை நம் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆகவே கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்: ஓட்டு உங்களுக்கு இல்லாமல் இல்லை, வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் அதை ரகசியமாகப் போடலாம். ஆனால் போடுவதற்கு முன் யாருக்கு, ஏன் என்று நீங்கள் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தொகுதிக்குள் சாலை, குடிநீர், பட்டா என்று ஆயிரம் மனுக்களோடு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போகிறோம், இந்த ஒரு கேள்வியோடு போனவர்களை நான் பார்த்ததில்லை.

திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். 2021இல் அமைந்த சட்டமன்றத்தின் காலம் 2026 வரைதான் என்பதால், அதன் பின் வரும் உறுப்பினர்கள்தான் கோட்டையில் வரிசையில் நிற்பார்கள். வேட்பாளர்கள் யார் என்று தெரிந்ததும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, மழுப்பினால் அந்த மழுப்பலையும், தொகுதியின் பெயரோடு நமக்கு எழுதி அனுப்புங்கள். வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்